தொடர்புக்கு: ஆர்மாஸ் காங்காஸ்

கோஸ்கி பே, மிச்சிகன்
4 மே 1998

அன்புத் தம்பி ரெய்னோவுக்கு அக்கா லெம்பி எழுதுவது.

முட்டி ஒன்றைத் தவிர நான் நன்றாகவே இருக்கிறேன். நீயும் உன் தொப்பையும் நலமா? குளிர்காலம் முழுக்க என் வீட்டில் உட்கார்ந்து தின்றதெல்லாம் கப்பல் அடுப்படியில் கரைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இங்கே சவுனா நீராவிக் குளியலறைக்குப் பின்னால் இன்னும் பனி கிடக்கிறது. நிலம் இளகவில்லை. உன் அத்தானை மாதக் கடைசியில்தான் மண்ணில் வைக்க முடியும் என்று பாதிரியார் சொல்கிறார். பிப்ரவரியில் தேவாலயத்தில் பாட்டுப் பாடியதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று ஊரார் நினைக்கிறார்கள். அவரோ கல்லறைத் தோட்டத்துக் கல்கொட்டகையில் வெயிலுக்காகக் காத்துக் கிடக்கிறார். அடக்கத்துக்கு உன்னால் வர முடியாது. அதற்காக வருத்தப்படாதே.

டேல் சந்தோஷமாக இருக்கிறான். அவன் வேலை செய்கிற ஆலை, கப்பல்துறைப் பக்கம் காலியாகக் கிடக்கிற இடத்தில் இரண்டாவது பட்டறை கட்டப்போகிறதாம். அத்தான் அலைந்து திரிந்து வணிக மண்டலத்தில் சேர்த்துக்கொடுத்த அதே இடம். ஜப்பானிலிருந்து வரும் எஞ்சினை அங்கே வரி கட்டாமல் இறக்கலாம். பனி ஊதும் இயந்திரத்தில் அதைப் பூட்டி வெளியே அனுப்பும்போதுதான் வரி. பட்டறை வந்தால் டேல்தான் மேற்பார்வையாளன். என் மகன் இந்த ஊரிலேயே இருப்பான், ரெய்னோ. எனக்கு வேறென்ன வேண்டும்?

துறைமுக ஆணையத்தின் கதவில் இன்னும் அத்தான் பெயர்தான் இருக்கிறது. "எடுக்க மனசு வரல லெம்பி" என்கிறாள் மேவிஸ். அலுவலகத்தில் மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். அத்தானுக்கு வரும் தொலைபேசியும் பழையபடி வீட்டுக்குத்தான் வருகிறது. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.
அக்கா லெம்பி


ஹென்றி பார்லோ கப்பல், டெட்ராய்ட் ஆறு
18 மே 1998

அன்புள்ள அக்காவுக்கு,

தொப்பை நலம். உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது.

உன் கடிதம் இன்று காலை வாளியில் ஏறி வந்தது. அஞ்சல் படகு பக்கத்தில் வந்து ஒட்டும், நாங்கள் கயிற்றில் வாளியை இறக்குவோம். அதில் மின்கட்டண ரசீதோடும் யாரோ ஒருவனின் விவாகரத்துத் தாளோடும் சேர்ந்து என் அக்காவும் வந்தாள். இந்தப் பயல்கள் என் அரிசிப் பாயசத்தைச் சிமெண்ட் என்கிறார்கள். "ரெய்னோ, கப்பல்ல ஓட்டை விழுந்தா இதை வச்சு அடைச்சிக்கலாம்" என்று இஞ்சின் அறைக்காரன் சொல்கிறான். அப்புறம் மூன்று தரம் கேட்டு வாங்கித் தின்கிறான்.

அத்தானை மண்ணில் வைக்கும் நாளில் நான் சுப்பீரியர் ஏரி நடுவில் இருப்பேன். மணி தெரிந்தால் எழுது. அடுப்பை அணைத்துவிட்டு மேல்தளத்தில் நிற்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அத்தான் பார்த்த மண்டல வேலையை இப்போது யார் பார்க்கிறார்கள்? வீட்டுக்குத் தொலைபேசி செய்வது யார்? அந்த அலுவலகம் பனி வாரும் வண்டிக் கொட்டகைக்கு மேலே இருப்பதால் மணி அடித்தாலும் காதில் விழாது என்று அத்தான் எல்லாத் தாளிலும் வீட்டு எண்ணையே எழுதிவைத்தார் அல்லவா? அதை மாற்றச் சொல். நீ எதற்கு அந்தத் தலைவலியைச் சுமக்க வேண்டும்?

முட்டிக்குச் சூடு வை.
தம்பி ரெய்னோ


கோஸ்கி பே
9 ஜூன் 1998

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாக இருப்பதற்குக் கடவுளுக்கு நன்றி. முட்டி பரவாயில்லை.

அடக்கம் முடிந்தது. மண் கறுப்பாகவும் ஈரமாகவும் இருந்தது. டேல் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தான். பிப்ரவரியில் அழாதவன் அன்று அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தேவாலயத்தின் கீழறையில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தார்கள். அந்த ரொட்டி காய்ந்துபோய் இருந்தது. யார் சுட்டது என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

பட்டறைக்கு அளவெடுத்துக் கம்பு நட்டிருக்கிறார்கள். ஆனால் செங்கல் வரவில்லை. ஆலையின் தலைமையிடத்தில் ஏதோ யோசனையாம். டேல் சரியாகத் தூங்குவதில்லை என்று அவன் மனைவி சொல்கிறாள்.

தொலைபேசி செய்பவர் வாஷிங்டன் மண்டல வாரியத்தில் இருக்கிற கிளேபர்ன் என்பவர். தெற்கத்திக்காரர் போலிருக்கிறது, வாய்க்கு வாய் 'மேடம்'. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்ட பிறகுதான் விஷயத்துக்கு வருவார். இந்த ஊரில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? பேசிவிட்டு வைத்தேன்.

ஸ்ட்ராபெரி பூத்திருக்கிறது.
அக்கா லெம்பி


ஹென்றி பார்லோ, டொலிடோ
26 ஜூன் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் முட்டியைப் பற்றியே எழுதுகிறாய். நான் கேட்டது முட்டியைப் பற்றி மட்டும் அல்ல.

யார் மண்டல வேலையைப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். ஸ்ட்ராபெரி பூத்திருக்கிறது என்று எழுதுகிறாய். சின்ன வயதில் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கிணற்றில் போட்டபோதும் நீ இப்படித்தான் கோழிமுட்டையைப் பற்றிப் பேசினாய்.

காரணத்தோடுதான் கேட்கிறேன். அந்த இடத்தை மண்டலத்தில் சேர்த்த கோடையில் நான் அங்கே இருந்தேன். சவுனாவில் உட்கார்ந்து அத்தான் எனக்கு வகுப்பே எடுத்தார். "ரெய்னோ, இது சும்மா குடுத்த வரம் இல்ல. அஞ்சு வருசத்துக்குள்ள அங்க ஒரு பெட்டியாவது இறங்கணும். இல்லேன்னா இடம் தன்னால பட்டியல்லருந்து விழுந்துடும். அதுக்கு முன்னாடி 'இன்னும் கொஞ்சம் அவகாசம் குடுங்க'ன்னு எழுதிக் கேட்டுறணும்" என்றார். நான் தண்ணீரைச் சூடான கல்லில் ஊற்றி, ஆவியைக் கிளப்பி அவர் வாயை அடைத்தேன். அது 93 ஆகஸ்ட். அந்த ஐந்து வருஷம் இந்த ஆகஸ்ட் கடைசியோடு முடிகிறது, அக்கா.

இடம் விழுந்தால் பட்டறை கிடையாது. பட்டறை இல்லை என்றால் டேல்? அவகாசம் கேட்டாகிவிட்டதா என்று மேவிஸிடம் விசாரித்து எழுது. ஒரு வரி போதும்.

தம்பி ரெய்னோ


கோஸ்கி பே
18 ஜூலை 1998

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். அவுரிநெல்லி பழுக்கத் தொடங்கிவிட்டது, நாளெல்லாம் முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு வேறு குறை இல்லை. உனக்குக் குளிர்காலத்து இருமல் விட்டதா?

கைக்கடிகாரத்தைக் கிணற்றில் போட்டது நீ. நான் உன்னைக் காப்பாற்றத்தான் முட்டையைப் பற்றிப் பேசினேன்.

என்னைத் துறைமுக ஆணையம் என்று நினைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்கிறாய். அந்த ஆணையத்தில் மூன்று பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள், மாதம் ஒருமுறை கூடிக் காப்பி குடிக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாததா? டேல் போன ஞாயிறு வந்தான். ஒரு முழு இறைச்சிப் பாஸ்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு பாதியைக்கூடத் தின்னவில்லை. "ஆபீஸ்ல யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்கம்மா. தலைமையிடத்துலருந்து ரெண்டு பேர் வந்து நெலத்தப் பாத்துட்டுப் பேசாம போயிட்டாங்க" என்றான். நான் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைத்தேன்.

கிளேபர்னுக்கு ஜலதோஷம், பாவம். இந்த வாரமே இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார். திங்கட்கிழமை நிச்சயமாகப் பேசுவார் என்று சொல்லியிருக்கிறேன்.

வெயிலில் தொப்பி போடு.
அக்கா லெம்பி


ஹென்றி பார்லோ, டெட்ராய்ட் ஆறு
29 ஜூலை 1998

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. அஞ்சல் படகு காத்துக்கொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை யார் பேசுவார்?

அந்த மனிதரிடம் நீ என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

ரெய்னோ


ஹென்றி பார்லோ, டுலூத்
8 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். நான் நன்றாக இல்லை. நேற்று பாயசம் அடிப்பிடித்தது, இந்தப் பயல்கள் கேலிகூடச் செய்யவில்லை.

கப்பல்துறைப் பொதுத் தொலைபேசியிலிருந்து காலையில் கூப்பிட்டேன், மத்தியானம் கூப்பிட்டேன், சாயங்காலமும் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நீ வீட்டில்தான் இருந்திருப்பாய். மணி அடித்தாலே அந்த ஆள்தான் என்று பயந்துபோய், எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். சரியா?

அத்தான் போய்விட்டார் என்று அவரிடம் நீ சொல்லவே இல்லை. எனக்கு இப்போது நன்றாக விளங்குகிறது. இத்தனை மாதமாக அந்த அப்பாவி ஒரு செத்த மனிதரின் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். அவர் கூப்பிடுவது வேறெதற்கு? அவகாசம் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்கத்தான்.

கோபத்தில் எழுதவில்லை. கோபமும் இருக்கிறது, அதைவிடப் பயம் அதிகம். நீ இருபதாம் தேதிக்குள் சொல்லாவிட்டால் நானே மேவிஸுக்கு எழுதிவிடுவேன். உன்னைக் காட்டிக்கொடுக்க என்னை வைக்காதே.

உன் தம்பி ரெய்னோ


கோஸ்கி பே
19 ஆகஸ்ட் 1998

அன்புத் தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் சுகமாக இருக்க வேண்டும். தொலைபேசியை எடுக்காததற்கு என்னைத் திட்டு, பரவாயில்லை.

முதல் தடவை அவர் கூப்பிட்டது மார்ச்சில். நீ கப்பலேறி இரண்டொரு நாள்தான் ஆகியிருக்கும். "ஆர்மாஸ் இருக்காருங்களா மேடம்?" என்றார். அத்தான் அப்போது கல்கொட்டகையில் இருந்தார். மண்ணுக்குள் போகாத மனிதரை எப்படிச் செத்துவிட்டார் என்று சொல்வது? என் வாய்க்கு வரவில்லை. "இப்ப இல்லீங்க" என்றேன். அது பொய் இல்லையே. "சரிங்க மேடம், வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க" என்றார். வந்ததும் என்றார், ரெய்னோ. பிப்ரவரியிலிருந்து என்னிடம் யாரும் அப்படி ஒரு சொல் சொல்லவில்லை. எல்லோரும் 'இருந்தார், செய்தார், நல்ல மனுஷன்' என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த உலகத்தில் ஒரே ஒருவர் என் புருஷன் வீடு திரும்புவார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் கடைக்குப் போயிருக்கிறார் என்றேன். சவுனாவில் இருக்கிறார் என்றேன். அடக்கம் முடிந்த பிறகு சொல்லிவிடலாம் என்று பார்த்தால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற வெட்கம் வேறு சேர்ந்துகொண்டது. அவர் அவகாசம் என்று ஏதோ சொன்னது காதில் விழுந்தது. அது டேலின் பட்டறை என்று உன் ஜூன் கடிதத்தில்தான் புரிந்தது. புரிந்த பிறகும் ஜூலை முழுக்க வாயைத் திறக்கவில்லை. அதற்கு என்னிடம் எந்தச் சாக்கும் இல்லை.

நேற்று நானே கூப்பிட்டேன். சொன்னேன். "மேடம், இத்தனை மாசமா நான் உங்கள இப்படிப் படுத்தியிருக்கேனே, மன்னிச்சிருங்க" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்!

கடிதங்களும் அனுப்பியிருக்கிறார்களாம். மேவிஸிடம் ஓடினேன். எல்லாம் அத்தான் மேஜையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. "அவரு பேருல வந்தத நான் எப்படிக் கிழிப்பேன்?" என்றாள். வாரியத்தில் கொடுத்திருக்கும் தொடர்புப் பெயரை மாற்ற ஆணையம் தீர்மானம் போட வேண்டும். ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த விஷயம் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூன்று பேரும் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டு, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போயிருக்கிறார்கள். ஆர்மாஸ் பெயரை அடிப்பதற்கு எவனும் கையைத் தூக்கவில்லை. இந்த ஊர் முழுக்கச் சேர்ந்து அவரைச் சாகவிடாமல் வைத்திருந்திருக்கிறது.

புதுப் பெயர் கொடுத்தால்தான் புது விண்ணப்பம் செல்லும் என்கிறார் கிளேபர்ன். மாதக் கடைசிக்குள் அவர் கைக்குப் போக வேண்டும். மூன்று பேரில் ஒருவர் காட்டுக் குடிலில் இருக்கிறார், அங்கே தொலைபேசி கிடையாது. மேவிஸ் காரை எடுத்துக்கொண்டு தேடப் போயிருக்கிறாள்.

அக்கா லெம்பி


ஹென்றி பார்லோ, டெட்ராய்ட் ஆறு
28 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம் என்று தெரிந்ததே போதும். நான் நலமே.

உன் கடிதத்தை வாளியிலிருந்து எடுத்து மேல்தளத்திலேயே நின்று படித்தேன். சோறு தீய்ந்துவிட்டது. உன்னைத் திட்டுவதற்காக ஒரு பக்கம் எழுதி, அதைத் தண்ணீரில் போட்டுவிட்டேன். நீ சொல்லாததற்குத் திட்டலாம். ஆனால் அத்தனை மாதமும் கரையில் உன் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் போனதற்கு யாரைத் திட்டுவது? நானும் கப்பலேறிப் போய்விட்டேன்.

அந்தக் காட்டுக் குடில்காரர் கிடைத்தாரா? தீர்மானம் போட்டார்களா? நாளுக்கு நாலு தரம் நாட்காட்டியைப் பார்க்கிறேன். இஞ்சின் அறைக்காரன், "ஏன்யா, உனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கா?" என்று கேட்கிறான்.

எது எப்படிப் போனாலும் டேலிடம் நீயே சொல்லிவிடு. ஆலையில் யாரோ ஒருவன் வாயிலிருந்து அவன் அதைக் கேட்கக் கூடாது. பயமாக இருக்கும், தெரியும். உடனே சொல்.

தம்பி ரெய்னோ


கோஸ்கி பே
24 செப்டம்பர் 1998

அன்புத் தம்பிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இலைகள் சிவந்துவிட்டன. நீ கரையேற இன்னும் பல வாரம் இருக்கிறது, இப்போதே கம்பளி மேலாடையைப் போடத் தொடங்கு.

குடில்காரர் கிடைத்தார். மீன் நாற்றம் அடிக்கிற சட்டையோடு வந்து உட்கார்ந்து கையைத் தூக்கினார். மற்ற இருவரும் தூக்கினார்கள். ஆர்மாஸ் பெயர் போய் மேவிஸ் பெயர் வந்தது. அவள் அழுதுகொண்டே தட்டச்சு செய்தாள். விண்ணப்பம் கடைசி நாளுக்கு முன்பே வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது. அவகாசமும் கிடைத்துவிட்டது. கிளேபர்ன் மேவிஸை அழைத்துச் சொல்லிவிட்டு, எனக்கும் தனியாகச் சொன்னார்.

அந்த இடம் தப்பித்தது, தம்பி. பட்டறை தப்பவில்லை. ஆலையின் தலைமையிடத்தில் கோடை முழுக்க அந்த இடத்தின் நிலவரத்தை வாரியத்திடம் விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 'கோஸ்கி பேயிலிருந்து இன்னும் பதில் வரவில்லை' என்றே ஒவ்வொரு முறையும் வாரியத்தில் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதானே. ஒரு தொலைபேசிக்குப் பதில் சொல்லத் தெரியாத ஊரில் எதற்குக் கட்டடம் கட்டுவது என்று விஸ்கான்சினில் இடம் பிடித்துவிட்டார்கள். நாங்கள் தீர்மானம் போடுவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே அது முடிவாகியிருக்கிறது. டேல் அங்கே போனால் மேற்பார்வையாளன். போகாவிட்டால் இங்கே இருக்கிற பழைய பட்டறையும் எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது.

நீ சொன்னபடி உடனே சொல்லவில்லை. விஸ்கான்சின் போவது உறுதி என்று அவன் வந்து சொன்ன ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்து, மேஜைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்குப் போனதாகச் சொன்னது, சவுனாவில் இருப்பதாகச் சொன்னது, ஜூலையில் தெரிந்தும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது, எதையும் மறைக்கவில்லை. "உன்ன இந்த ஊர விட்டுத் தொரத்துனது நான்தான்டா" என்றேன்.

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"அம்மா, ஏப்ரல்ல நீ பல் டாக்டர்ட்ட போயிருந்தப்ப நான் இங்க வந்தேன், ஞாபகம் இருக்கா? சவுனாக் கதவச் சரி பண்றதுக்கு."

"ஆமா."

"அந்த ஆளு அப்பக் கூப்பிட்டாரு. நான்தான் எடுத்தேன்."

"நீ என்னடா சொன்ன?"

"அப்பா படகெடுத்துக்கிட்டு மீன் பிடிக்கப் போயிருக்காருன்னேன்."

"ஏப்ரல்லயா? வளைகுடா பூரா பனிக்கட்டியா கெடந்துச்சேடா!"

"அவருக்கு என்னம்மா தெரியும், தெக்கத்தி ஆளு. நெறைய மீன் கெடைக்குமான்னு கேட்டாரு. இந்த வருசம் நல்லாக் கெடைக்குதுன்னு சொன்னேன்."

அவன் எழுந்து தன் தட்டைக் கழுவினான், பிறகு என்னுடையதையும் கழுவினான். சனிக்கிழமை அவர்கள் புறப்படுகிறார்கள். வழிக்குப் பாஸ்டி சுட்டுக் கொடுக்கப்போகிறேன்.

நீ கரையேறியதும் நேராக இங்கே வா. வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அக்கா லெம்பி